பாதி நுழைந்த அம்பு



இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்பும் காரியம் ஒரு முறிந்த அம்பைப் பற்றியது. என் படிப்பறை மேசையில், வேதாகமத்துக்கு அருகில் அது கிடக்கிறது. கார்பன் இழையால் ஆன மெல்லிய தண்டு. ஒரு முழத்துக்குச் சற்றே அதிகமான நீளம். பின்முனையில் மூன்று சிறு இறகுகள். முன்பகுதி இல்லை. அந்த முன்பகுதி ஒரு மானின் தோளோடு காட்டுக்குள் போய்விட்டது.

இதை எனக்குக் கொடுத்தவர் எழுபத்திரண்டு வயதுப் பெரியவர். மிச்சிகன் மாநிலத்தில் எங்கள் தமிழ்ச் சபைக்கு ஞாயிறு பிற்பகல்தோறும் தங்கள் ஆலயத்தைத் திறந்துவிடும் அமெரிக்கச் சபையின் மூப்பர். வாழ்நாளெல்லாம் இயந்திரப் பட்டறையில் உலோகம் கடைந்தவர். நாங்கள் ஆராதனையை முடித்து, காபி குடித்து, நாற்காலிகளை அடுக்கி வைக்கும் வரையில் முகம் கோணாமல் காத்திருந்து கதவைப் பூட்டிச் செல்வார். இலையுதிர்காலம் வந்துவிட்டால் மட்டும் அவருடைய கண் அடிக்கடி ஜன்னலுக்கு வெளியே போகும். மிச்சிகனில் அக்டோபர் 1ஆம் தேதி வில்வேட்டைப் பருவம் தொடங்குகிறது.

வேட்டை என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அங்குள்ள நிலைமை வேறு. வெண்வால் மான்கள் அந்த மாநிலத்தில் வயல்களிலும் தோட்டங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் நிறைந்திருக்கின்றன. இரவில் வாகனம் ஓட்டும் எங்கள் சபையார் அனைவருக்கும் மான் பயம் உண்டு. அரசாங்கம் அனுமதிச் சீட்டு வழங்கி, பருவம் வகுத்து, வேட்டையின் வழியாகவே அவற்றின் பெருக்கத்தை மட்டுப்படுத்துகிறது. வேட்டையாடிய இறைச்சியைக் குடும்பங்கள் உண்கின்றன. உணவு வங்கிகளுக்கும் ஒரு பங்கு போகிறது. வேதத்திலும் ஈசாக்கு தன் மகன் ஏசாவை அழைத்து, வில்லையும் அம்பறாத்தூணியையும் எடுத்துக்கொண்டு போய் வேட்டையாடி வரச் சொன்னதை நாம் அறிவோம். வேட்டைக்காரன் மிருகத்தின் இரத்தத்தை மண்ணில் சிந்தி மண்ணால் மூடவேண்டும் என்று லேவியராகமம் பதினேழாம் அதிகாரம் கட்டளையிடுகிறது. எடுக்கிற உயிருக்கு ஒரு கணக்கு உண்டு என்பதே அந்தக் கட்டளையின் உட்பொருள்.

அந்தக் கணக்கைப் பற்றித்தான் பெரியவர் என்னிடம் பேசினார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மாதத்தில் ஒரு மாலை. மரத்தின்மேல் கட்டிய பரணில் அவர் அமர்ந்திருந்தார். கொம்புள்ள மான் ஒன்று இருபது மீட்டர் தொலைவுக்கு வந்து நின்றது. அதன் மார்பு அவரை நோக்கிச் சாய்ந்திருந்தது. இன்னும் இரண்டு அடி எடுத்துவைத்தால் பக்கவாட்டில் திரும்பிவிடும். ஆனால் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பருவத்தில் அதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் எய்துவிட்டார். காய்ந்த பலகையில் ஆணி அடித்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. அம்பு தோள்பட்டை எலும்பில் பட்டு, இரண்டு அங்குலம் நுழைந்து நின்றுவிட்டது. அம்பைச் சுமந்தபடியே மான் ஓடியது. ஐம்பது மீட்டர் தொலைவில் இந்த முறிந்த தண்டு கிடந்தது. அதற்கப்பால் நூறு மீட்டர்வரை இலைகளில் சொட்டுச் சொட்டாக இரத்தம், அதன்பின் ஒன்றுமில்லை. இரவு விளக்கோடு தேடினார். மறுநாள், தடம் அறியும் நாயை வைத்திருக்கும் அயலார் ஒருவரை அழைத்துத் தேடினார். மான் கிடைக்கவில்லை.

"அது செத்ததா பிழைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, பாஸ்டர். அதுதான் என்னால் தாங்கமுடியாதது" என்றார்.

அடுத்த ஆண்டு அவர் வேட்டைக்குப் போகவில்லை. அந்த ஆண்டு முழுவதும் ஒரே கேள்வியோடு பட்டறையில் உட்கார்ந்திருந்தார்: அம்பு ஏன் உள்ளே போகவில்லை?

அன்பானவர்களே, இந்தக் கேள்வியின் கனத்தை உணர்வதற்கு ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். துப்பாக்கிக் குண்டு தன் வேகத்தால் சுற்றியுள்ள சதையையும் சிதைக்கிறது. அம்புக்கு அந்த வேகம் இல்லை. அம்பு வெட்டுகிறது, வெட்டிய வழியே இரத்தம் வெளியேறுவதால் மிருகம் மயங்கிச் சாகிறது. கூரிய அம்பு இரண்டு நுரையீரல்களையும் ஊடுருவி மறுபுறம் வெளியேறினால், பெரும்பாலும் சில விநாடிகளில் மான் விழுந்துவிடும். என்ன நடந்தது என்று அறியும் முன்னரே எல்லாம் முடிந்துவிடும். இரண்டு துவாரங்கள் இருப்பதால் தடமும் தெளிவாக விழும். பாதியில் நின்ற அம்போ மிருகத்துக்கு நீண்ட வேதனையையும், வேட்டைக்காரனுக்கு விடியாத இரவையும் கொடுக்கிறது. ஆகவே அம்பு எவ்வளவு ஆழம் போகிறது என்பது திறமையைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. அது இரக்கத்தைப் பற்றிய கேள்வி.

அவர் கண்டறிந்தவற்றை நான் விளங்கிக்கொண்ட வரிசையில் எழுதுகிறேன்.

முதலாவது, அம்பு நேராகப் பறக்கவேண்டும். வில்லை விட்டுக் கிளம்பும் கணத்தில் அம்பு மீன்போல் வளைந்து நெளிகிறது. தண்டின் விறைப்பு வில்லின் பலத்துக்கு ஏற்றதாக இல்லாவிட்டால் அந்த நெளிவு அடங்குவதற்குள் அம்பு இலக்கை அடைந்துவிடும். முனை ஒரு திசையிலும் வால் ஒரு திசையிலும் இருக்கும்போது, தள்ளவேண்டிய பலம் தண்டை வளைப்பதிலேயே செலவாகிவிடும். பெரியவர் ஒரு மரச்சட்டத்தில் காகிதத்தை விறைப்பாகக் கட்டி, இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து அதன் வழியே எய்து காட்டினார். நேராகப் போன அம்பு ஒரு வட்டத் துளையையும் இறகுகளின் மூன்று கீறல்களையும் மட்டுமே விட்டுச் சென்றது. கோணலாகப் போன அம்பு காகிதத்தை நீளமாகக் கிழித்திருந்தது. கண்ணுக்கு இரண்டும் நேராகப் பறந்ததாகவே தோன்றின. காகிதம்தான் உண்மையைச் சொன்னது.

இரண்டாவது, அம்பு உடையாமல் இருக்கவேண்டும். எட் ஆஷ்பி என்னும் அமெரிக்கர் 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் தொடங்கிப் பல ஆண்டுகள், பெரிய மிருகங்களின் உடலில் அம்பு எப்படி ஊடுருவுகிறது என்று ஆராய்ந்தார். அவர் வகுத்த பன்னிரண்டு காரணிகளில் முதலிடம் பெறுவது வேகமோ எடையோ அல்ல, அம்பின் உறுதி. முனை மடங்கினாலோ தண்டு பிளந்தாலோ மற்ற நன்மைகள் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்துபோகும். பெரியவருடைய அம்பின் முனை மானோடு போய்விட்டது. அதே பொட்டலத்தில் வாங்கிய மற்ற இரண்டு முனைகள் அவரிடம் இருந்தன. கசாப்புக் கடையில் தோள் எலும்பு ஒன்றை வாங்கி வந்து கட்டி வைத்து எய்து பார்த்தார். இரண்டின் அலகுகளும் மடங்கின.

மூன்றாவது, கூர்மை. அந்த முனைகள் இரண்டு பருவங்களாக ஈரம் பட்டு அம்பறாத்தூணியிலேயே கிடந்தவை. பார்வைக்குக் கூர்மையாகவே தெரிந்தன. ஆனால் கையின் உரோமத்தை மழிக்கவில்லை. மழுங்கிய அலகு இரத்தக்குழாயை வெட்டாமல் ஒதுக்கிக்கொண்டு போகும். 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் அருகே காட்டிலிருந்து வெளிவந்த இஷி என்னும் யாஹி இனத்து மனிதரின் வரலாற்றைச் சிலர் படித்திருப்பீர்கள். தம் இனத்தில் எஞ்சிய கடைசி மனிதர் அவர். சாக்ஸ்டன் போப் என்னும் அறுவை மருத்துவர் அவரிடம் வில்வித்தை கற்று, 1923இல் வில்வேட்டையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அந்த இஷி எரிமலைக் கண்ணாடிக் கல்லிலும், உடைந்த புட்டிக் கண்ணாடியிலும்கூட அம்புமுனை செதுக்கினார். சவரக் கத்தியைப்போன்ற விளிம்பு வேண்டும் என்பதை இரும்பைக் காணாத மனிதர்களும் அறிந்திருந்தார்கள்.

நான்காவது, எடையும் வேகமும். இங்கேதான் பெரியவர் தம்மை அதிகமாகக் குற்றப்படுத்திக்கொண்டார். இன்று பலர் பயன்படுத்துவது காம்பவுண்ட் வில். மிசூரி மாநிலத்து ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவருக்கு 1969இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. விளிம்புகளில் சக்கரங்கள் கொண்ட அந்த வில், லேசான அம்பை மிகுந்த வேகத்தில் எறியும். விளம்பரங்கள் வேகத்தையே பேசுகின்றன. அவரும் 350 கிரெயின், அதாவது சுமார் 23 கிராம் எடையுள்ள அம்பை விநாடிக்கு 88 மீட்டர் வேகத்தில் எய்துவந்தார். பின்பு அதே வில்லில் 550 கிரெயின், சுமார் 36 கிராம் அம்பைப் பூட்டினார். வேகம் 72 மீட்டராகக் குறைந்தது. ஆனால் எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தம் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடியது. இயக்க ஆற்றலும் சற்றே உயர்ந்தது. கனமான அம்பு வில்லின் ஆற்றலை அதிகமாகத் தன்னோடு எடுத்துச் செல்வதே அதற்குக் காரணம். லேசான அம்பு விட்டுச்செல்லும் ஆற்றல் வில்லின் அதிர்வாகவும் சத்தமாகவும் வீணாகிறது. அந்தச் சத்தம் அம்புக்கு முன்னே போய் மானின் காதை எட்டும், மான் திடுக்கிட்டுக் கீழே பதுங்கும், குறி தவறும்.

கனத்துக்கும் ஒரு விலை உண்டு. கனமான அம்பு பறக்கும் வழியில் அதிகமாகத் தாழும். தூரத்தைத் தவறாகக் கணித்தால் குறி தப்பும். ஆகவே அவர் இப்போது இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் எய்வதில்லை. "விலாவுக்குள் சரியாகப் பட்டால் பழைய லேசான அம்பே மானை ஊடுருவிப் போயிருக்கும். கனமான அம்பு எல்லாம் சரியாக நடக்கும் நாளுக்காக அல்ல, எங்கோ பிசகும் நாளுக்காக" என்றார்.

ஐந்தாவது, முனையின் வடிவமும் சமநிலையும். அவர் பயன்படுத்தியது உடலில் பட்டதும் விரியும் அகன்ற அலகுகள் கொண்ட முனை. சதையில் அது பெரிய காயத்தை உண்டாக்கும். ஆனால் விரிவதற்கே ஆற்றல் செலவாகிறது. அகலம் கூடக்கூட எதிர்ப்பும் கூடுகிறது. எலும்பில் சாய்வாகப் பட்டால் அது தடுமாறும். நீண்டு ஒடுங்கிய, அசையாத இரண்டு அலகுகள் கொண்ட முனை சிறிய காயத்தையே உண்டாக்கும். ஆனால் குறைந்த பலத்தில் ஆழமாகப் போகும். தண்டு முனையின் கழுத்தைவிடத் தடித்திருந்தால் ஆப்புபோல் அடைத்துக்கொள்ளும். மெலிந்திருந்தால் முனை திறந்த வழியில் வழுக்கிச் செல்லும். எடையில் அதிகப் பங்கு முன்பகுதியில் இருந்தால், வால் முனையைத் தள்ளி வளைப்பதற்குப் பதிலாக முனை வாலை இழுத்துக்கொண்டு போகும்.

ஆறாவது, நிற்கும் கோணம். இதைச் சொல்லும்போது அவருடைய குரல் தாழ்ந்தது. மான் நம்மை நோக்கி நிற்கும்போது தோள் எலும்பு கேடயம்போல் முன்னால் இருக்கிறது. பக்கவாட்டில் நின்றாலோ, சற்றே அப்பால் திரும்பி நின்றாலோ, மெல்லிய விலா எலும்புகளுக்குப் பின்னால் இருதயமும் நுரையீரல்களும் திறந்திருக்கும். பரணுக்கு மிக அருகில் வந்து நின்றாலும் ஆபத்துதான். செங்குத்தாக இறங்கும் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துவிட்டுப் போகும். "பாஸ்டர், அம்பில் இருந்த குறைகளை ஒரு வருடம் எண்ணினேன். கடைசியில், குறை என் பொறுமையில் இருந்தது என்று கண்டேன். அது இரண்டு அடி நடக்கும்வரை நான் காத்திருக்கவில்லை."

வாசகர்களே, இந்த இடத்தில்தான் என் மனச்சாட்சி என்னைக் குத்தியது.

எங்கள் சபையில் ஒரு வாலிபச் சகோதரர் இருந்தார். அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். அவர் மூன்று குடும்பங்களிடம் கடன் வாங்கித் திருப்பித் தராமல் இருந்தார். முறையிட்டவர்கள் என்னிடம் வந்தார்கள். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வேறொரு ஜெபக்கூட்டத்துக்கு விரைந்துகொண்டிருந்த நான், ஆலயப் படியிலேயே அவரை நிறுத்தினேன். வாங்கினதைத் திருப்பிக் கொடாதிருப்பது விசுவாசிக்கு அழகா, வெட்கமாயில்லையா என்று கேட்டேன். நாலு பேர் காதில் விழுந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை; என் முகத்தைப் பார்த்தார்; காரில் ஏறிப் போய்விட்டார். அன்று மாலை நான் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. அதன்பின் எட்டு மாதங்கள் அவர் ஆலயத்துக்கு வரவில்லை.

நான் சொன்னதில் பொய் எதுவுமில்லை. அதையே எனக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு இருந்தேன். ஆனால் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது, பெரியவர் தம் அம்பில் கண்ட குறை ஒவ்வொன்றும் என் வார்த்தையிலும் இருந்ததைக் கண்டேன். அது வேகமாகச் சொல்லப்பட்டது. அதில் கனம் இல்லை, ஏனெனில் அவருக்காக நான் ஒரு நாளாவது முழங்காற்படியிடவில்லை. அது நேராகப் பறக்கவில்லை. முறையிட்டவர்களைத் திருப்திப்படுத்தும் நோக்கம் அதன் வாலை ஒரு பக்கம் இழுத்தது. அது மனிதர் நடுவே, அவர் தம்மைக் காத்துக்கொள்ள எலும்பை முன்னே நிறுத்தியிருந்த நேரத்தில் எய்யப்பட்டது. ஆகவே இரண்டு அங்குலம் மட்டும் நுழைந்தது. மனந்திரும்புதலுக்குப் போதுமான ஆழம் போகவில்லை. வேதனைக்குப் போதுமான ஆழம் போயிற்று.

நாத்தான் தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். தாவீதின் பாவம் என் சகோதரருடைய கடனைவிட எவ்வளவோ பெரியது. ஆயினும் நாத்தான் ராஜாவின் முகத்துக்கு நேரே எடுத்த எடுப்பில் குற்றஞ்சாட்டவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையைச் சொன்னார். ராஜா தன் கேடயத்தை இறக்கிவைத்து, நியாயத்தின் பக்கம் திரும்பி நின்றார். அதன் பிறகே, அந்த மனிதன் நீரே என்ற ஒரு வார்த்தை வந்தது. அது இருதயத்தை ஊடுருவிற்று. தாவீது அந்த இடத்திலேயே தன் பாவத்தை ஒத்துக்கொண்டார்.

இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டக்கூடாது என்பதை அறிவேன். வேட்டைக்காரன் உயிரை எடுக்கப் போகிறான். போதகன் உயிரைக் காக்கப் போகிறான். எபிரெயருக்கு எழுதின நிருபம் தேவ வார்த்தையை இருபுறமும் கருக்குள்ள பட்டயத்துக்கு மேலாகப் பேசும்போது, அங்கே நான் காண்பது வைத்தியனுடைய கத்தி. ஆனாலும் கத்தியோ அம்போ, கையில் எடுத்தவனுக்கு ஒரே கடமை உண்டு: பாதியில் நிற்கும் காயத்தை உண்டாக்காதே.

அக்டோபர் மாதம் ஒரு நாள் பெரியவர் என்னைக் காட்டுக்கு அழைத்துப் போனார். இருவர் அமரக்கூடிய ஏணிப்பரண்; உடலைச் சுற்றிப் பாதுகாப்புக் கச்சை. என் கையில் வில் இல்லை, பார்வையாளனாகவே போனேன். விடியும் நேரத்தில் மேப்பிள் மரங்களுக்கு நடுவே ஒரு பெண்மான் வந்தது. பதினைந்து மீட்டர் தொலைவு. நாலு ஆண்டுகளுக்கு முன் நின்ற அந்த மானைப்போலவே, மார்பை எங்கள் பக்கம் சாய்த்து நின்றது. அவர் வில்லை எடுத்தார், நாணை இழுக்கவில்லை. அது இலையை முகர்ந்தது; காதைத் திருப்பியது; நின்றது. எனக்கு மூச்சு முட்டியது. பல நிமிடங்கள் கழித்து வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. பெரியவர் வில்லை மெதுவாகக் கொக்கியில் மாட்டினார். அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. அந்தக் காலையில் நான் கேட்ட பிரசங்கம் அதுவே. அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

சாயங்காலம் மீண்டும் ஏறினோம். இருட்டுவதற்குச் சற்று முன் வேறொரு மான் வந்தது. பக்கவாட்டில் நின்று, பின் சற்றே அப்பால் திரும்பியது. நாணின் தாழ்ந்த ஓசை மட்டும் கேட்டது. மான் துள்ளி ஓடியது. அறுபது மீட்டருக்குள் சருகுகளின் சத்தம் நின்றுபோயிற்று. நான் எழுந்துவிட்டேன். அவர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நுரையீரலில் பட்டது என்று உறுதியாகத் தெரிந்தாலும் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். வயிற்றில் பட்டிருந்தால் எட்டு மணி நேரத்துக்கும் மேல். உடனே துரத்தினால், படுத்துச் சாகவேண்டிய மிருகம் எழுந்து ஓடும். அதன் வேதனை நீளும். நான் மூன்று முறை தொலைபேசியில் அழைத்த அந்த மாலை என் நினைவுக்கு வந்தது.

அரைமணி கழித்து இறங்கினோம். அம்பு மானை முழுவதும் ஊடுருவி, மறுபுறம் மண்ணில் குத்தி நின்றது. தண்டில் நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம். நுரையீரலின் அடையாளம் என்றார். யெகூ எய்த அம்பு யோராமின் நெஞ்சை ஊடுருவிப் போனதாக இரண்டாம் இராஜாக்களின் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஊடுருவிப் போவது என்றால் என்னவென்று அன்றுதான் கண்ணால் கண்டேன். மான் ஒரு விழுந்த மரத்தருகே அமைதியாகக் கிடந்தது. பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். வேலை முடிந்தபின், இரத்தம் சிந்திய இடத்தின்மேல் காலால் மண்ணையும் சருகையும் தள்ளி மூடினார். லேவியராகமத்தை அவர் நினைத்தாரா என்று நான் கேட்கவில்லை. இறைச்சியில் பாதி உணவு வங்கிக்குப் போயிற்று. ஒரு பங்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. என் மனைவி ஆட்டுக்கறி மசாலாவில் சமைத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் நான் அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன் ஏழு நாட்கள் அவருடைய பெயரைச் சொல்லி ஜெபித்தேன். தனியே போனேன், வேறு வேலை எதையும் அன்று வைத்துக்கொள்ளவில்லை. அவர் கதவைத் திறந்தார். தேநீர் போட்டார். ஒரு மணி நேரம் அவர் பேச நான் கேட்டேன். அந்தச் சமயத்தில் அவர் வேலையை இழந்திருந்தார். வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை தேடிக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்ற விசா நிபந்தனையின் கீழ் அவர் இருந்தார். ஊரில் தகப்பனாருக்கு அறுவை சிகிச்சை. யாரிடமும் சொல்ல வெட்கம். படியில் நின்று நான் வெட்கமாயில்லையா என்று கேட்டபோது, அவரிடம் மிஞ்சியிருந்தது வெட்கம் ஒன்றுதான். எனக்கு அது தெரியாது, நான் கேட்கவுமில்லை.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, சொல்லவேண்டியதையும் சொன்னேன். "தம்பி, அந்த மூன்று குடும்பங்களும் உங்களை நம்பிக் கொடுத்தார்கள். அது திரும்பப் போகவேண்டும்" என்றேன். இரக்கத்தின் பெயரால் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அதுவும் பாதி நுழைந்த அம்பாகவே இருந்திருக்கும். அவர் நெடுநேரம் தலைகுனிந்திருந்தார். பின்பு எழுந்துபோய் ஒரு காகிதத்தை எடுத்துவந்து, மூன்று பெயர்களையும் தொகைகளையும் தம் கையால் எழுதினார். புதிய வேலையின் சம்பளத்திலிருந்து இரண்டு தவணை இதுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆலயத்துக்கு அவர் இன்னும் ஒழுங்காக வருவதில்லை. ஒரு ஞாயிறு கடைசி வரிசையில் அமர்ந்திருந்து, ஆசீர்வாதத்துக்கு முன் போய்விட்டார். நான் தொலைபேசியில் துரத்தவில்லை. காத்திருக்கிறேன்.

பிரியமானவர்களே, இந்த வாரம் நீங்களும் யாரிடமாவது கடினமான ஒரு வார்த்தையைச் சொல்லவேண்டியவராக இருக்கலாம். வளர்ந்த மகனிடம், உடன்பிறந்தவரிடம், உடன் ஊழியரிடம். சொல்லும் முன் நாலு கேள்விகளை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். என் நோக்கம் நேராக இருக்கிறதா, அல்லது என் கோபம் அதன் வாலை இழுக்கிறதா? இந்த வார்த்தைக்குப் பின்னால் ஜெபத்தின் கனம் இருக்கிறதா, அல்லது வேகம் மட்டும்தானா? அவர் கேட்கக்கூடிய நிலையில் திரும்பி நிற்கிறாரா, அல்லது எலும்பை முன்னே நிறுத்தியிருக்கிறாரா? சொன்னபின் காத்திருக்க எனக்குப் பொறுமை உண்டா? இந்த நாலில் ஒன்றுக்காவது இல்லை என்பது பதிலானால், வில்லைக் கொக்கியில் மாட்டிவிடுங்கள். மான் இன்னும் இரண்டு அடி நடக்கட்டும்.

முறிந்த அம்பை ஏன் எனக்குக் கொடுக்கிறீர்கள் என்று பெரியவரைக் கேட்டேன். "என்னிடம் நாலு வருடம் இருந்தது, போதும். பிரசங்கம் ஆயத்தம் பண்ணும் மேசையில் அது இருக்கட்டும்" என்றார். இருக்கிறது.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் நாவுக்குக் காவல் வையும். நாங்கள் அரைகுறையாய்க் காயப்படுத்தி அனுப்பினவர்களை நீர் தேடிக் கண்டுபிடித்து ஆற்றும். சொல்லவேண்டியதை இரக்கத்தோடும் முழுமையோடும் சொல்லவும், சொல்லும் வேளைவரை காத்திருக்கவும் எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.